பிழைக்கு வாக்கெடுப்பு வேண்டாம்

கைப்பேசி இயங்குதளமும் செயலிக் கடையும் நடத்தும் நிறுவனங்களின் டெவலப்பர் ஆதரவுப் பிரிவினருக்கு,

தமிழ் எழுத்து தொடர்பாக நாங்கள் அனுப்பிய பிழை அறிக்கைகள் மொத்தமாக மூடப்பட்டிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே அச்சுப் பதில்: பாதிக்கப்படுவோர் குறைவு, போதிய வாக்குகள் விழவில்லை, புதிய பதிப்பிலும் சிக்கல் தொடர்ந்தால் மறுபடி பதிவு செய்யவும். அந்தப் பதிலை ஏற்க முடியாததால் இதை எழுதுகிறோம். எந்த நிறுவனம் என்று பெயர் சொல்லவில்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தாம். இதில் சொல்லியிருப்பது உங்களில் பலருக்கும் பொருந்தும்.

வாக்கு விஷயத்தை முதலில் பேசிவிடுவோம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூரில் வீட்டில் தமிழை அதிகம் பேசுவோர் 2.5 விழுக்காடு. அதில் செயலி எழுதுகிறவர்கள் ஒரு சிறு பகுதி. அவர்களிலும் உங்கள் பிழைத்தளத்தில் கணக்குத் திறந்து, ஆங்கிலத்தில் எழுதிய அறிக்கையைத் தேடிப் பிடித்து நட்சத்திரக் குறி இடுகிறவர்கள் இன்னும் குறைவு. அந்தப் போட்டியில் தமிழ் என்றைக்கும் ஜெயிக்காது. ஜெயிக்க வேண்டிய தேவையும் இல்லை. புதிய வசதி ஒன்று வேண்டுமா என்று கேட்க வாக்கு சரியான வழி. எழுதியதைத் தேடினால் கிடைக்கவில்லை, எழுத்தின் தலை வெட்டுப்படுகிறது, விலை தப்பாகத் தெரிகிறது என்பதெல்லாம் சரியா தவறா என்ற கேள்வி. கூட்டல் தப்பாக வரும் கால்குலேட்டரைத் திருத்த யாராவது வாக்கெடுப்பு நடத்துவார்களா? இத்தனைக்கும் சிங்கப்பூர் அரசமைப்புச் சட்டத்தின் 153ஏ பிரிவு சொல்லும் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் தமிழ் ஒன்று. பள்ளி, ஆலயம், கடை, சமூக மன்றம் என்று செயலி கேட்டு வருகிற எவரும் தமிழ் வேலை செய்யுமா என்று எங்களைக் கேட்பதில்லை. செய்யும் என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

மூடப்பட்ட அறிக்கைகளில் சொன்னவற்றைப் பொதுவில் மறுபடி வைக்கிறோம். தேடலில் தொடங்குவோம், அதிகம் அடிபடுவது அங்கேதான்.

செயலிக்குள் தேடல் வைக்க உங்கள் கையேடு காட்டும் வழி, கைப்பேசிக்குள் தரவைச் சேமிக்கும் மென்பொருளான எஸ்கியூலைட்டின் முழு உரைத் தேடல். அதன் ஐந்தாம் பதிப்பான எஃப்டிஎஸ்5, சொற்களை வெட்ட யூனிகோட்61 என்ற டோக்கனைசரை இயல்பாக எடுத்துக்கொள்கிறது. எழுத்து, எண், தனிப்பயன் குறியீடு ஆகிய வகைகளை மட்டும் சொல்லின் பகுதியாகக் கொண்டு, மற்ற எல்லாவற்றையும் சொல் இடைவெளியாக அது கருதும். தமிழின் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும், எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் எழுத்து வகையில் இல்லை. 'குறி' வகையில் இருக்கின்றன. விளைவு, 'பேருந்து' என்ற சொல் ப, ர, ந, த என்று நாலு துண்டாகிறது. 'தேன்' என்பது த, ன. 'தினை' என்பதும் த, ன. தேக்காவில் மளிகை விற்கும் கடைக்குச் செய்த செயலியில் தேன் என்று தேடினால் தினையும் சேர்ந்து வரும். குழந்தைகளுக்கான படச் சொல் அகராதியில் பால் என்று தேடினால் புலி வந்து நிற்கும்.

இதில் வேதனை என்னவென்றால், பழைய எஃப்டிஎஸ்4 இயல்பாகப் பயன்படுத்திய எளிய டோக்கனைசரில் இந்தச் சிக்கலே இல்லை. ஆங்கில எழுத்துக்கு அப்பாற்பட்ட எதையும் சொல்லின் பகுதியாகவே அது வைத்துக்கொள்ளும். ஆகவே புதிய பதிப்புக்கு மாறுங்கள் என்ற உங்கள் அறிவுரையைக் கேட்டு மாறியவர்களின் செயலியில்தான் தேடல் கெட்டது. தீர்வு இருக்கிறது. தேடலுக்கான அட்டவணையை உருவாக்கும்போது கேட்டகரீஸ் என்ற விருப்பத்தில் எம்என், எம்சி என்ற இரண்டு குறி வகைகளையும் சேர்த்துவிட்டால் சொல் உடையாது. ஆனால் டோக்கனைசர் அட்டவணை பிறக்கும்போதே முடிவாகிவிடுவது. ஏற்கெனவே இருக்கும் அட்டவணையில் மாற்ற முடியாது. அதை நீக்கிப் புதிதாக உருவாக்கி, எல்லா வரிகளையும் மறுபடி ஏற்ற வேண்டும். கைப்பேசியில் பழைய பதிப்பு வைத்திருக்கும் பயனருக்கு அந்த வேலையைச் செய்யும் மைக்ரேஷனும் எழுத வேண்டும். எஸ்கியூலைட் உங்கள் படைப்பல்ல என்பது எங்களுக்குத் தெரியும். அதைத் தளத்தோடு சேர்த்துக் கட்டித் தருவதும், அதற்கு எடுத்துக்காட்டு நிரல் எழுதி வெளியிட்டதும் நீங்கள். அந்தப் பக்கத்தில் இரண்டே வரி சேர்த்திருந்தால் போதும்.

முன்னொட்டுத் தேடலுக்கும் எங்கும் ஒரு வரி வழிகாட்டுதல் கிடையாது. 'பேருந்து' என்று தொடங்கும் சொற்களைக் கேட்டால் பேருந்துகள், பேருந்துக்கு எல்லாம் வரும். பேருந்தில் வராது, து அங்கே தி ஆகிவிடுகிறது. தேடும் சொல்லின் கடைசிக் குறியைக் கழற்றிவிட்டுத் தேடுவது எங்களிடையே வழக்கம். 'பேருந்த' என்று தேடினால் எல்லா வேற்றுமையும் சிக்கும். 'வீட' என்றால் வீட்டில், வீட்டுக்கு இரண்டும் சிக்கும். மரம் மரத்தில் ஆகும் இடத்தில் இந்தத் தந்திரம் பலிக்காது, அதற்குச் சொல்லின் விகுதியைக் கழற்றி அடிச்சொல்லைத் தரும் முறையான ஸ்டெம்மர் வேண்டும். ஆங்கிலத்துக்கு போர்ட்டர் ஸ்டெம்மர் பெட்டியோடு வருகிறது. தமிழுக்கு அவரவர் கைவேலைதான்.

அடுத்து, ஒரே உருவம் இரண்டு குறியீடு. 'ஸ்ரீ' எழுத இரண்டு வழிகள் உண்டு. ஸ், ரீ இரண்டையும் சேர்ப்பது பழைய வழி. 2005இல் யூனிகோட் 4.1 'ஶ' என்ற எழுத்தைச் சேர்த்தபின், ஶ், ரீ என்று சேர்ப்பது இன்னொரு வழி. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. சமமான குறியீட்டு வரிசைகளை ஒரே வடிவமாக்கும் நார்மலைசேஷன் செய்தாலும் ஒன்றாகாது, ஏனென்றால் யூனிகோட் இவற்றைச் சமமாக அறிவிக்கவில்லை. சவுத் பிரிட்ஜ் சாலையில் இருக்கும் ஸ்ரீ மாரியம்மன் ஆலயத்தை ஒருவர் ஒரு வழியில் பதிந்து, இன்னொருவர் வேறு கைப்பேசியில் தேடினால் 'முடிவுகள் இல்லை' என்று வரும். இரண்டு பேரும் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். எந்த விசைப்பலகை எந்த வரிசையைத் தருகிறது என்று நீங்கள் எங்கும் எழுதி வைக்கவில்லை. ஒவ்வொன்றாகத் தட்டி, வெளிவரும் குறியீடுகளைப் பிரித்துப் பார்த்துத்தான் அறிய முடிகிறது.

ஔகாரம் இதைவிட மோசம். கௌரவம் என்பதைக் 'கெ' எழுதி அதன் பக்கத்தில் 'ள' தட்டிக் 'கெளரவம்' என்று எழுதுகிறவர்கள் ஏராளம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாத எழுத்துரு பல உண்டு. பௌர்ணமி, மௌனம், சௌகரியம் எல்லாம் இப்படித்தான் தரவில் இரண்டு வடிவமாகக் கிடக்கின்றன. திருத்துவதற்கு ஒரு நடைமுறை விதி இருக்கிறது: ஒற்றைக்கொம்பு போட்ட எழுத்தை அடுத்து, குறியும் புள்ளியும் இல்லாத வெறும் ள வந்தால் மட்டும் ஔகாரமாகக் கொள்ளலாம். தெளிவு, வெள்ளி, கெளுத்தி மூன்றும் இந்த விதியில் தப்பிவிடும், அவற்றின் ள தனித்து நிற்கவில்லை. இந்த மாற்றத்தைத் தேடலுக்கான அட்டவணைக்குள் மட்டும் செய்ய வேண்டும். பயனர் எழுதிய மூலத்தில் கை வைக்கக் கூடாது, யாருடைய பெயராவது அதில் இருக்கலாம். கொ, கோ போன்றவற்றைத் துண்டு துண்டாக எழுதியிருந்தால் கவலை இல்லை. அவை சமமானவை என்று யூனிகோடே சொல்லிவிட்டதால் என்எஃப்சி என்ற நார்மலைசேஷன் வகை சேர்த்துவிடும். எது தானே சரியாகும், எது ஆகாது என்று பிரித்துச் சொல்லும் ஒரு பக்கம் உங்கள் ஆவணங்களில் இல்லை. எங்கள் கோரிக்கைகளிலேயே மலிவானது இதுதான்.

இப்போது உங்கள் கடையின் படிவத்துக்கு வருவோம். செயலியின் பெயருக்கு 30 எழுத்து என்கிறீர்கள். 'சிங்கப்பூர்ப் பேருந்து நேர அட்டவணை' என்ற பெயரைத் தமிழ் படித்த எவரிடமும் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள்: எழுத்து 18, இடைவெளி 3, ஆக 21. உங்கள் படிவம் 34 என்று எண்ணி நிராகரிக்கிறது. புள்ளியையும் கொம்பையும் தனித்தனி எழுத்தாக எண்ணுவதால் வரும் கோளாறு இது. கடைசி இரண்டு சொற்களை 'நேரம்' என்று சுருக்கினால் 28 ஆகி உள்ளே நுழையும். அந்த ஒற்றை 'ப்'பை வெட்டிவிட்டால் இடம் கிடைக்குமே என்று சந்திப் பிழையோடு பெயர் வைத்திருக்கும் செயலிகளைக் கடையில் பார்க்கிறோம். எழுதியவருக்கு இலக்கணம் தெரியாது என்று வாசகர் நினைத்துக்கொள்வார். குறியோடு சேர்ந்ததை ஒரே எழுத்தாக, எழுத்துக் கூட்டமாக எண்ணும் வசதி உங்களிடம் இல்லாமலும் இல்லை: 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தை ஸ்விஃப்ட் நிரல்மொழி 3 என்கிறது, கோட்லின் நிரல்மொழி 5 என்கிறது, உரையைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் அது 15 பைட். மூன்றும் அதனதன் இடத்தில் சரி. மனிதருக்குக் காட்டும் வரம்புக்கு 3 என்பதே சரி.

அந்த 15 பைட் இன்னொரு இடத்தில் கடிக்கும். புஷ் அறிவிப்பின் மொத்தக் கொள்ளளவு 4,096 பைட். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். சர்வரில் தரவைப் பொதிந்து அனுப்பும் ஜேசன் நூலகம் அதை எஸ்கேப் செய்து, அதாவது ஆங்கில எழுத்தும் எண்ணுமான குறியாக மாற்றி அனுப்பினால் 6. அளவு மீறினால் அறிவிப்பு போய்ச் சேராது. ஆங்கிலத்தில் சோதித்துப் பார்த்தவருக்கு இது தெரியவே வராது.

வட்டாரம், அதாவது எண்ணையும் நாணயத்தையும் எந்த நாட்டு வழக்கில் காட்டுவது என்ற அமைப்பு, பற்றியும் சொல்ல வேண்டும். கடையின் பட்டியலில் தமிழ் என்றால் தமிழ் (இந்தியா) மட்டும்தான். அதைப் பார்த்துவிட்டு நிரலிலும் அதையே எழுதிவிடுகிறார்கள் பலர். மொழி, வட்டார வழக்குகளின் பொதுத் தொகுப்பாக உங்கள் தளங்கள் பயன்படுத்தும் சிஎல்டிஆர் தரவில் தமிழுக்கு நான்கு வட்டாரங்கள் உண்டு: இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர். இந்திய வடிவம் இலட்சக் கணக்கில் கால்புள்ளி வைக்கும், சிங்கப்பூர் வடிவம் ஆயிரக் கணக்கில் வைக்கும். தப்பான வட்டாரத்தைத் தேர்ந்தால் 550,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) விலையுள்ள வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு 5,50,000 என்று தெரியும். நாணயத்தையும் வட்டாரத்திலிருந்தே எடுக்கும்படி எழுதியிருந்தால், உணவங்காடியில் நாலரை வெள்ளித் தோசைக்குப் பக்கத்தில் ரூபாய்க் குறி வந்து உட்காரும். மொழியைத் தமிழ் என்றும், வட்டாரத்தைச் சாதனத்தின் அமைப்பிலிருந்தும், நாணயத்தைச் சிங்கப்பூர் வெள்ளி என்று நேரடியாகவும் எழுதினால் சிக்கல் தீரும். தரவு கையில் இருக்கிறது, கடைப் படிவத்தில் ஒரு தேர்வைக் கூட்டுவதுதான் பாக்கி.

நியாயமாக, நன்றாகச் செய்ததையும் சொல்லிவிட வேண்டும். தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்தின் உயரத்துக்குள் அடங்காமல் மேலும் கீழும் வெட்டுப்பட்ட காலம் உண்டு. ஆண்ட்ராய்டு 2014இல் வந்த 5.0 பதிப்பிலேயே உயரமான எழுத்துக்கு வேண்டிய இடம் தரும் எலிகன்ட் டெக்ஸ்ட் ஹைட் என்ற பண்பைக் கொண்டுவந்தது; 2024இல் ஆண்ட்ராய்டு 15ஐ இலக்காகக் கொள்ளும் செயலிகளுக்கு அதையே இயல்பாக்கியது. தமிழ், தெலுங்கு, மலையாளம், தாய், பர்மியம் எல்லாம் பயன் பெற்றன. நல்ல முடிவுதான், பத்தாண்டு எடுத்துக்கொண்டது என்பதைத் தவிர. அந்த மாற்றத்தோடு வந்த பக்கவிளைவு: வரிசைக்கு நிலையான உயரம் கொடுத்து எழுதிய பழைய பட்டியல்களில், இலக்குப் பதிப்பை உயர்த்திய அன்றே இரண்டாம் வரியின் அடி மறைகிறது. நிலையான உயரத்தை எடுத்துவிட்டுக் குறைந்தபட்ச உயரம் கொடுக்க வேண்டும். 'நீ தூண் மூலை ஸ்ரீ' என்பது போல மேலும் கீழும் நீளும் எழுத்துகள் கொண்ட வரியை வைத்துச் சோதிக்க வேண்டும். உங்கள் சோதனைக் கருவிகளில் இருக்கும் போலி மொழி, ஆங்கில எழுத்துகளுக்கு மேல் சுழியும் கோடும் போட்டு நீட்டிக் காட்டுகிறது. தமிழின் அடிப்பக்க நீட்சியை அது காட்டாது.

இவையெல்லாம் எப்போது வெடிக்கின்றன என்பதும் முக்கியம். ஜூனில் பீட்டா எனும் சோதனைப் பதிப்பு, செப்டம்பரில் பொது வெளியீடு என்பது உங்களில் ஒருவரின் ஆண்டு வழக்கம். இங்கே தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வின் எழுத்துத் தாள்கள் செப்டம்பர் கடைசியில் தொடங்குகின்றன, தாய்மொழித் தாளும் அதில் அடக்கம். உரை வரையும் முறையில் நீங்கள் செய்த ஒரு மாற்றம், பிள்ளைகள் தமிழ்ப் பயிற்சிச் செயலியை அதிகம் திறக்கும் வாரங்களில் வந்து சேர்கிறது. பீட்டா காலத்தில் சாதன மாதிரி, பதிப்பு எண், சிக்கலை மட்டும் காட்டும் சிறு புராஜெக்ட், திரைப்பிடிப்பு, குறியீட்டு வரிசை, எதிர்பார்த்த உருவம் என்று நீங்கள் கேட்கிற அத்தனையும் இணைத்து அனுப்பினாலும், பதில் வெளியீட்டுக்குப் பிறகு வருகிறது. வந்தாலும் மேலே சொன்ன அச்சுப் பதில்.

இன்னொரு பக்கம், எங்களிடம் கேட்பது மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. ஒரு கடையில் 25 அமெரிக்க டாலர் ஒருமுறைக் கட்டணம், இன்னொன்றில் ஆண்டுக்கு 99. வருவாயில் 15 அல்லது 30 விழுக்காடு. சரிபார்க்கப்பட்ட அடையாளம் உள்ளவர் எழுதிய செயலியை மட்டுமே ஆண்ட்ராய்டு சாதனங்களில் நிறுவ விடும் விதி 2025 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. 2026 செப்டம்பரில் அது முதலில் நடப்புக்கு வருவதாகச் சொன்ன நான்கு நாடுகளில் பிரேசில், இந்தோனீசியா, தாய்லாந்தோடு சிங்கப்பூரும் இருக்கிறது. மோசடிச் செயலிகளால் இங்கே மக்கள் சேமிப்பை இழந்ததை அறிந்தவர்கள் நாங்கள், அந்த விதியின் நோக்கத்தோடு எங்களுக்குச் சண்டை இல்லை. பெயரும் முகவரியும் அடையாள ஆவணமும் தந்துவிட்டு நிற்கிறவருக்கு, மறுபுறம் பெயர் உள்ள ஓர் ஆள் பதில் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது அதிகமா? விதி போடும்போது முதல் நான்கில் வரும் ஊர், உதவி கேட்கும்போது 'பாதிப்பு குறைவு' ஆகிவிடுகிறது.

இங்கே ஆள் இல்லை என்றும் சொல்ல முடியாது. 1990களில் நா. கோவிந்தசாமி போன்றோர் தமிழை இணையத்தில் ஏற்றியது இந்த ஊரிலிருந்து. 2000இல் சிங்கப்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில்தான் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமான உத்தமம் அமைப்பு உருவானது. உங்களில் பலருக்கு இங்கேயே வட்டார அலுவலகம் இருக்கிறது.

எங்கள் கோரிக்கைகள் இவை. மூடிய தமிழ் எழுத்து அறிக்கைகளைத் திறவுங்கள். எழுத்து, தேடல், எண் வடிவம் ஆகியவற்றில் வரும் பிழைகளை 'சரித்தன்மை' என்று தனி வகையாக்கி, அந்த வகைக்கு வாக்கு வரம்பும் தானாக மூடும் கெடுவும் இல்லாமல் செய்யுங்கள். தமிழ் படிக்கத் தெரிந்த ஒரு பொறியாளரையாவது அந்த வரிசைக்குப் பொறுப்பாக்கி, அறிக்கை கிடைத்த பத்து வேலை நாளுக்குள் அவர் கைப்படப் பதில் வரச் செய்யுங்கள். 'திருத்த மாட்டோம்' என்பதும் பதில்தான், காரணத்தோடு வரட்டும். மாற்று வழியை நாங்கள் எழுதிக்கொள்வோம்.

கடைப் படிவத்தில் வரம்பை எழுத்துக் கூட்டமாக எண்ணுங்கள், தமிழ் (சிங்கப்பூர்) என்ற தேர்வைச் சேர்த்துவிடுங்கள். ஆவணத்தில் தமிழுக்கென ஒரு பக்கம் வேண்டும்: உங்கள் விசைப்பலகை ஸ்ரீ, ஔ, க்ஷ ஆகியவற்றுக்கு என்ன வரிசை தருகிறது, நார்மலைசேஷன் எதைச் சேர்க்கும், முழு உரைத் தேடலுக்கு எந்த அமைப்பு, முன்பே கெட்ட அட்டவணையை எப்படி மீட்பது. இதற்கான முதல் வரைவை நாங்களே எழுதித் தருகிறோம், கட்டணம் வேண்டாம்.

பீட்டாவைப் பொறுத்தவரை, உரை வரையும் பகுதியில் கை வைக்கும் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னால் தமிழ்ச் சோதனை வரிகளை ஓட்டி, தெரிந்த கோளாறுகளை வெளியீட்டுக் குறிப்பில் எழுதுங்கள். வரிகள் எங்களிடம் தயாராக இருக்கின்றன. எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும், யார் பெற்றுக்கொள்வார் என்று மட்டும் இந்த மாத இறுதிக்குள் தெரிவியுங்கள்.

சிங்கப்பூரில் தமிழ்ச் செயலிகள் எழுதிப் பராமரிப்போர்